ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் ஏன் நின்றது?

கொடைக்கானலில் ஒரு காலை நேரம்.

ஏரியின் மேல் படிந்த பனி இன்னும் விலகவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சிறிய கடை ஒன்று. அப்போதுதான் கதவைத் திறந்தார்கள்.

ஒரு தகப்பனாரும் மகளும் உள்ளே வந்தார்கள். மகளின் கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு லேப்டாப். குளிரில் குழந்தையைப் போர்த்துவது போல அதைக் கம்பளியில் சுற்றி இருந்தார்கள்.

"அண்ணே! இது அசையவே மாட்டேங்குது. இன்னைக்கு சாயங்காலம் 5 மணிக்குள்ள விண்ணப்பம் அனுப்பணும். மார்க் சீட்டு, சாதிச் சான்றிதழ், போட்டோ எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு" என்றாள் அந்தப் பெண். கண்களில் நீர் முட்டியது.

அவர்கள் பூம்பாறைக்காரர்கள். கொடைக்கானலில் இருந்து சுமார் 20 கிலோ மீட்டர். படிக்கட்டு வயலில் பூண்டு போடும் குடும்பம். மகள் கல்லூரியில் படிக்கிறாள். விண்ணப்பம், கல்வி உதவித்தொகைக்கு. அது கிடைத்தால்தான் அடுத்த ஆண்டுப் படிப்பு.

வேறு வேலையாகக் கொடைக்கானலுக்குப் போன நாம், அந்தக் கடையில் இருந்தோம். நடந்ததைக் கண்ணால் பார்த்தோம்.

என்ன நடந்தது?

லேப்டாப் அவளுடைய அண்ணனுடையது. பிளஸ்-2 படித்தபோது சர்க்கார் கொடுத்தது. பல ஆண்டுகளாக நன்றாகத்தான் ஓடியது.

"பழைய விண்டோசுக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது. புதுசு போட்டுத் தருகிறேன்" என்று தெரிந்த பையன் ஒருவன் சொன்னான். போட்டும் கொடுத்தான். திரை பளபளப்பாக இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

மகிழ்ச்சி 2 நாள்தான். மூன்றாம் நாள், ஒரு பக்கத்தைத் திறக்க 5 நிமிடம் ஆனது. நான்காம் நாள், அம்புக்குறி நடுத்திரையில் நின்றது. நின்றது நின்றதுதான்!

இது பூம்பாறைப் பெண்ணுக்கு மட்டும் வந்த துன்பம் அல்ல. சென்னையில் நடக்கிறது. லண்டனில் நடக்கிறது. கம்ப்யூட்டரைச் செய்யும் அமெரிக்காவிலேயே நடக்கிறது.

நேற்று வரை ஓடிய பெட்டி, புதியதைப் போட்டதும் நிற்பானேன்?

மேடை சிறிது, சமையல் பெரிது

கம்ப்யூட்டருக்கு உள்ளே ஒரு "நிர்வாகி" உண்டு. திரையில் எது வரவேண்டும், எதை எங்கே வைக்கவேண்டும், எந்த வேலை முதலில் என்பதை எல்லாம் அதுதான் பார்த்துக்கொள்கிறது. அதற்குப் பெயர் இயங்குதளம். விண்டோஸ் என்பது ஓர் இயங்குதளம். போனில் உள்ள ஆண்ட்ராய்டும் ஓர் இயங்குதளம்தான்.

தாய்மார்களுக்கு விளங்கும்படி சொல்லுவோம்.

சமையல் அறையில் ஒரு மேடை இருக்கிறது. அப்பால் ஓர் அறையில் அரிசி, பருப்பு, சாமான் எல்லாம் இருக்கின்றன. சமைக்கும்போது வேண்டியதை எடுத்து வந்து மேடையில் வைத்துக்கொள்கிறோம். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். வேலை நடக்கும் மேடைக்கு ராம் என்று பெயர். சாமான் அறைக்கு டிஸ்க் என்று பெயர்.

மேடை பெரிதாக இருந்தால் சமையல் விரைவில் முடியும். சிறிதாக இருந்தால்? ஒன்றை வைக்க இன்னொன்றை எடுக்கவேண்டும். சாமான் அறைக்கும் அடுப்புக்கும் நடந்து நடந்தே பொழுது போய்விடும்.

புதிய இயங்குதளம், பெரிய சமையல்காரர். அவருக்குப் பெரிய மேடை வேண்டும்.

விண்டோஸ்-11 ஓட, குறைந்தது 4 ஜி.பி. ராமும், 64 ஜி.பி. டிஸ்க்கும் வேண்டும் என்று மைக்ரோசாப்ட் கம்பெனியே சொல்கிறது. பாதுகாப்புக்காக டி.பி.எம். என்ற சிப்பும் வேண்டும். 2018-க்கு முந்திய பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் இந்தப் பரீட்சையில் தேறுவது இல்லை. தேறாத பெட்டியிலும் குறுக்கு வழியில் ஏற்றிவிடுகிறார்கள்.

"குறைந்தது" என்றால் "வண்டி கிளம்பும்" என்றுதான் பொருள். "மலை ஏறும்" என்று பொருள் அல்ல!

பூம்பாறை லேப்டாப்பில் 4 ஜி.பி. ராம்தான் இருந்தது. டிஸ்க்கோ பழைய சுழலும் டிஸ்க். லேப்டாப்பில் உள்ள சுழலும் டிஸ்க், பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றுகிறது. அதன் மேல் ஒரு சிறிய முள் முன்னும் பின்னும் ஓடி, எழுதியதைப் படிக்கிறது. புதிய எஸ்.எஸ்.டி. டிஸ்க்கில் சுற்றுவதும் இல்லை, முள்ளும் இல்லை. ஆகவே அது பல மடங்கு வேகம்.

இன்னும் சில காரணங்கள்

மேடை சிறியதாக இருப்பது ஒரு காரணம். வேறு காரணங்களும் உண்டு.

டிரைவர் பொருந்தாமை: கம்ப்யூட்டரில் திரைக்கு ஒரு டிரைவர், ஒலிக்கு ஒரு டிரைவர், பிரிண்டருக்கு ஒரு டிரைவர் உண்டு. இவை ஆட்கள் அல்ல; சிறிய நிரல்கள். பழைய பஸ்சை ஓட்டிப் பழகியவரைப் புது பஸ்சில் உட்கார வைத்தால் கியர் எங்கே என்று தேடுவார் அல்லவா? பழைய டிரைவரும் புதிய இயங்குதளத்தில் அப்படித் தடுமாறும். திரை உறைந்துபோகும்.

இடம் இல்லாமை: டிஸ்க்கில் கல்யாண வீடியோவும் சினிமாவும் நிறைந்து கிடந்தால், கம்ப்யூட்டர் மூச்சுத் திணறும்.

மறைவான வேலை: புதியதைப் போட்ட முதல் நாள், இரண்டாம் நாள், கம்ப்யூட்டர் உள்ளுக்குள் பல வேலைகள் செய்யும். எல்லாக் கோப்புகளுக்கும் அட்டவணை போடும். விடுபட்டதை இன்டர்நெட்டில் இருந்து இறக்கும். கிருமி இருக்கிறதா என்று தேடும். இந்தச் சுணக்கம் தானாகவே தீரும். பெட்டியைச் சில மணி நேரம் ஓடவிட்டால் போதும்.

நோய்வாய்ப்பட்ட டிஸ்க்: ஏற்கனவே தேய்ந்திருந்த டிஸ்க், புதியதை எழுதும் பளுவைத் தாங்காமல் படுத்துவிடும். பழி புதியதின் மேல் விழும். நோயோ பழையது.

கம்பெனி செய்த தவறு

எல்லாம் நம் பெட்டியின் குறைதானா? இல்லை. செய்தவர்களே தவறு செய்வதும் உண்டு.

2016 ஆகஸ்டு மாதம் விண்டோஸ்-10க்கு ஒரு பெரிய மாற்றத்தை மைக்ரோசாப்ட் வெளியிட்டது. போட்ட சிலரின் கம்ப்யூட்டர்கள் உறைந்து நின்றன. இயங்குதளம் எஸ்.எஸ்.டி.யிலும், மற்றவை வேறு டிஸ்க்கிலும் இருந்த பெட்டிகளில் இந்தக் கோளாறு வருவதாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. பிறகு சரி செய்தது.

2018 ஏப்ரல் மாத மாற்றத்திலும் இதே கதை. குரோம் போன்றவற்றைத் திறந்தால் பெட்டி உறைந்தது. மே மாதம் 8-ந்தேதி மருந்து வந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் வந்தது இன்னும் மோசம். சிலருடைய கோப்புகளையே அழித்துவிட்டது! சில நாட்களுக்குள் கம்பெனி அதை நிறுத்தி வைத்தது. அழிந்த படங்களுக்கு யார் பொறுப்பு?

கோர்ட்டுக்குப் போன பெண்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு பெண். சுற்றுலாத் தொழில் நடத்துகிறார். அவருடைய கம்ப்யூட்டர் விண்டோஸ்-10க்கு மாற முயன்றது. "நான் அனுமதி கொடுக்கவே இல்லை" என்றார் அவர். அதன் பிறகு பெட்டி மெதுவானது, அடிக்கடி நின்றது. நாள் கணக்கில் தொழில் கெட்டது.

அந்தப் பெண் அழுதுகொண்டு உட்காரவில்லை. கோர்ட்டுக்குப் போனார். 10 ஆயிரம் டாலர் கொடுக்கும்படி தீர்ப்பு ஆனது. மைக்ரோசாப்ட் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அப்பீலைக் கைவிட்டது. 2016-ல் இந்தச் செய்தி உலகம் எங்கும் பரவியது.

போன்களிலும் இந்தத் தகராறு உண்டு. பாட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை, புதிய மென்பொருள் மூலம் குறைத்ததாக ஆப்பிள் கம்பெனி 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. "போன் திடீர் என்று அணைந்துபோகாமல் இருக்கவே அப்படிச் செய்தோம்" என்றது. "எங்களிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார்கள் மக்கள். இத்தாலி நாடு 2018-ல் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டது. சாம்சங் கம்பெனிக்கு 50 லட்சம் யூரோ. 2020-ல் பிரான்சு நாடு ஆப்பிளுக்கு 2½ கோடி யூரோ அபராதம் போட்டது.

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. ஐபோனில் புதிய மென்பொருளைப் போட்ட பிறகு கோளாறு வருவதாகப் பலர் புகார் செய்தார்கள். அதன் பேரில் ஆப்பிளுக்கு நோட்டீசு அனுப்பப்பட்டிருப்பதாக, மத்திய நுகர்வோர் துறை மந்திரி பிரகலாத் ஜோஷி 2025 ஜனவரியில் அறிவித்தார்.

போடாமலே இருந்தால் என்ன?

"இவ்வளவு தொல்லை எதற்கு? பழையதே போதும்" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் ஆபத்து.

2017 மே மாதம் "வானாகிரை" என்ற கிருமி உலகைக் கலக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, "பணம் கொடுத்தால் திறப்போம்" என்று மிரட்டியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் சிக்கின. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் திண்டாடின. பக்கத்து ஆந்திராவில் போலீஸ் கம்ப்யூட்டர்கள் சிலவும் தப்பவில்லை.

அந்தக் கிருமி நுழைந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை, மைக்ரோசாப்ட் 2 மாதத்துக்கு முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் பிழைத்தார்கள். போடாதவர்கள் மாட்டினார்கள்.

ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும். மாதாமாதம் வரும் சிறிய பாதுகாப்பு மருந்து வேறு. இயங்குதளத்தையே மாற்றும் பெரிய ஆபரேஷன் வேறு. மருந்தைத் தள்ளிப் போடாதீர்கள். ஆபரேஷனுக்கு முன் உடம்பைப் பாருங்கள்!

கொடைக்கானல் சொல்லும் பாடம்

கொடைக்கானலில் சூரிய ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. 1899-ல் ஏற்பட்டது. சூரியனில் உள்ள கரும்புள்ளிகளில் வாயு எப்படி ஓடுகிறது என்பதை எவர்ஷெட் என்ற விஞ்ஞானி 1909-ல் அங்கேதான் கண்டுபிடித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். முதலில் கண்ணாடித் தகட்டிலும் பிலிமிலும் எடுத்தார்கள். பிறகு அவற்றை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ஏற்றிவிட்டோம் என்று தகட்டைத் தூக்கி எறியவில்லை. அசல் ஓர் இடம். நகல் ஓர் இடம்!

சூரியனின் படத்துக்கு இவ்வளவு காவல் என்றால், மகளின் மார்க் சீட்டுக்கு வேண்டாமா? பத்திரம், பட்டா, பிறப்புச் சான்றிதழ், குடும்பப் படம் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்துவிட்டு, அந்தப் பெட்டியைப் பிரித்து மேய விடலாமா?

நீங்கள் செய்யவேண்டியது

1. பெரிய மாற்றம் செய்வதற்கு முன், முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவிலோ வேறு டிஸ்க்கிலோ நகல் எடுங்கள்.

2. பரீட்சை, விண்ணப்பம், வருமான வரிக் கெடு, இவற்றுக்கு முந்தின நாள் மாற்றவே மாற்றாதீர்கள்.

3. புதியது வெளிவந்த அன்றே ஓடிப்போய்ப் போடவேண்டாம். சில வாரம் பொறுங்கள். மற்றவர்களுக்கு வந்த கோளாறு தெரிந்துவிடும்.

4. டிஸ்க்கில் இடம் இருக்கட்டும். சார்ஜர் செருகி இருக்கட்டும். மழையில் மின்சாரம் போகும் நாளாக இருந்தால், வேலையை ஒத்திப் போடுங்கள்.

5. பெட்டி உறைந்துவிட்டால் உடனே குத்தாதீர்கள், தட்டாதீர்கள். 10 நிமிடம் பொறுங்கள். பிறகு கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் என்ற 3 பொத்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். அதுவும் பலிக்காவிட்டால், பவர் பொத்தானைச் சுமார் 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஆனால், "மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது" என்று திரை காட்டும்போது இதைச் செய்யக்கூடாது.

6. பிடிக்கவில்லையா? திரும்பிப் போக வழி உண்டு. விண்டோசில் "செட்டிங்ஸ்" பகுதியில் "ரெக்கவரி" என்று இருக்கும். பொதுவாக 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பலாம். அதற்குப் பிறகு கதவு மூடிவிடும்.

7. பழைய சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால், பல பெட்டிகள் மறுபடி இளமை பெறும். புது லேப்டாப் வாங்குவதைவிடச் செலவு மிகக் குறைவு.

8. "உங்கள் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது. நாங்கள் சரி செய்கிறோம்" என்று முன்பின் தெரியாதவர் போன் செய்தால் நம்பாதீர்கள். பணம் பறிபோனால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். வாங்கிய பொருளில் குறை என்றால், நுகர்வோர் உதவிக்கு 1915.

சர்க்காரும் கம்பெனிகளும் செய்யவேண்டியது

விண்டோஸ்-10க்குத் தந்துவந்த இலவசப் பாதுகாப்பை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு நிறுத்தியது. பதிவு செய்துகொள்ளும் வீட்டு உபயோகக்காரர்களுக்கு மட்டும் மேலும் ஓர் ஆண்டு, 2026 அக்டோபர் 13-ந்தேதி வரை, என்று அறிவித்தது. பணக்காரர் புதிது வாங்குவார். பூண்டு விவசாயி என்ன செய்வார்?

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-ந்தேதி, அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கினார். லட்சக்கணக்கான ஏழை வீடுகளில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் நுழைந்தது அப்படித்தான். அந்தப் பெட்டிகளில் விண்டோசும் இருந்தது. "பாஸ்" என்ற இயங்குதளமும் இருந்தது. பாஸ், சென்னையில் உள்ள மத்திய சர்க்கார் நிறுவனமான சி-டாக் உருவாக்கியது. இலவசம். லினக்ஸ் வகையைச் சேர்ந்தது. பழைய பெட்டியில் ஓடக்கூடிய இலேசான லினக்ஸ்கள் இன்றும் பல உண்டு. ஆனால் அவற்றைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை.

இன்று கம்ப்யூட்டர் ஆடம்பரப் பொருள் அல்ல. ரேஷன் கார்டு, பட்டா, உதவித்தொகை எல்லாம் அதன் வழியே வருகின்றன. ஐகோர்ட்டு உத்தரவின்படி, 2024 மே 7-ந்தேதி முதல், கொடைக்கானலுக்குச் சுற்றுலா வருவதற்கே இ-பாஸ் வேண்டும் என்று ஆனது. மலை ஏறுவதற்குக்கூடக் கம்ப்யூட்டர் தயவு வேண்டும்!

ஆகவே நாம் கேட்பது இவை:

சர்க்கார் கொடுத்த லேப்டாப்களைப் பழுது பார்க்கவும், பொருத்தமான இயங்குதளம் போடவும், ஒவ்வொரு தாலுகாவிலும் ஓர் இடம் வேண்டும். கொடுத்தால் மட்டும் போதாது, ஓட வைக்கவேண்டும்.

விண்ணப்பங்களுக்குக் கெடு வைக்கும் ஆபீசுகள், கம்ப்யூட்டர் கோளாறால் தவறியவர்களுக்கு ஒரு நாளாவது கருணை காட்டவேண்டும்.

கம்பெனிகள், "இந்த மாற்றம் உங்கள் பெட்டிக்குப் பாரம்" என்பதைப் போடுவதற்கு முன்பே, தெளிவான தமிழில் சொல்லவேண்டும். "சம்மதம்" என்ற பொத்தானை விரலால் தொட்டால் போதாது. விஷயம் விளங்கவேண்டும். விளங்காமல் கொடுப்பது சம்மதம் அல்ல.

எதையும் எல்லோர் தலையிலும் ஒரே நாளில் இறக்கக்கூடாது. 2024 ஜூலை 19-ந்தேதி நடந்ததை மறக்க முடியுமா? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு பிழையான கோப்பு, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை ஒரே நாளில் படுக்க வைத்தது. நம் நாட்டில் விமானப் பயணிகளுக்குப் பேனாவால் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள்!

தகப்பனார் சொன்னது

பூம்பாறைப் பெண் என்ன ஆனாள்?

கடைக்காரர் லேப்டாப்பைத் திருகித் திறந்தார். டிஸ்க்கைக் கழற்றினார். வேறு ஒரு கம்ப்யூட்டரில் செருகினார். நாங்கள் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மார்க் சீட்டு இருந்தது. சாதிச் சான்றிதழ் இருந்தது. போட்டோவும் இருந்தது!

அதே கடையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினாள். மாலை 4-40 மணிக்கு, "பெற்றுக்கொண்டோம்" என்ற பதில் திரையில் வந்தது. மகள் சிரித்தாள்.

தகப்பனார் வெளியே டீ குடித்துக்கொண்டு நின்றார். நம்மிடம் சொன்னார்:

"எனக்கு இந்தப் பெட்டி விவரம் ஒண்ணும் தெரியாதுங்க. ஆனா புது விதை வந்தா, முதல்ல ஒரு பாத்தியிலதான் போட்டுப் பார்ப்போம். நல்லா விளைஞ்சாத்தான் அடுத்த வருசம் மத்த பாத்திக்கு. விதைப்பூண்டு கொஞ்சம் எப்பவும் பரண்ல இருக்கும். இதைப் பண்றவங்களுக்கு அது தெரியாதா?"

அவர் எந்தக் கல்லூரியிலும் படித்தவர் அல்ல. ஆனால் பெரிய கம்பெனிகள் கோடிக்கணக்கில் அபராதம் கட்டிக் கற்றுக்கொள்ளும் பாடத்தை, அவர் வயலில் கற்றிருக்கிறார்.

வாசகர்களே! உங்கள் வீட்டுப் பெட்டியில் "புதியது வந்திருக்கிறது, போடலாமா?" என்று கேட்டால், உடனே பொத்தானை அழுத்தாதீர்கள். பரணில் விதை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.